டிராயரில் பூட்டிய மனுக்கள்

அந்த மனுக்கள் தொலைந்துபோகவில்லை. நான் மறந்துவிடவும் இல்லை. என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க எனக்கு எத்தனையோ வருஷங்கள் இருந்தன. முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறு வருஷம் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியல் தயாரித்த ஆபீஸில் நான் குமாஸ்தா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பழைய தாள்களை வாசித்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். என் மனைவி அங்கே மாதர் சங்கத்தில் சேர்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தையல் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் பெண்ணின் வீட்டில் கூடுவார்கள். தையல் மிஷின் மேல் செய்தித்தாளை விரித்து ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் நடுவில் புகுந்து சண்டை போடுவார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருநாள் காலிக் குடங்களோடு போய் அதிகாரி ஒருவரின் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். அதில் என் மனைவியும் இருந்தாள் என்பதை ஆபீஸில்தான் கேள்விப்பட்டேன்.

"முசியே, உங்க வீட்டு மதாம் கட்சி நடத்தறாங்களாமே? அப்ப வீட்ல ஒல வைக்கிறது நீங்கதானா?" என்றார், ஐயா அம்மாவைப் பிரெஞ்சில் சொல்லும் பழக்கம் விடாத எங்கள் மேலதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் பட்டியலை ஒட்டியதும் சங்கத்துப் பெண்கள் போய்ப் பார்த்தார்கள். எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பெண்களில் பாதிப் பேர்கூட இல்லை. கணக்கெடுக்க வந்தவர் உன் பேர் என்ன, புருஷன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். புருஷன் பேரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்வதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று "பெரியவனோட அப்பா" என்றிருக்கிறார்கள். அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டார். காலியாக விட்டவர்களை எல்லாம் எங்கள் ஆபீஸ் நீக்கிவிட்டது. சனிக்கிழமைக்குள் மனுக் கொடுத்தால் மறுபடி சேர்க்கலாம்.

சங்கத்தார் வீடு வீடாகக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டில் அவர்கள் பேசியது எனக்குச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"சொல்லுடி. சொன்னா வாய் வெந்துடுமா?" இது தையல்காரப் பெண்.

"ஐயோ, வேணாங்க்கா. அவுரு ஆயுசு கொறஞ்சிடும்."

"ஒன் மாமியாரு தெனம் நூறு தடவ அந்தப் பேரச் சொல்லித்தான் திட்றாங்க. கொறஞ்சிதா?"

ஒரே சிரிப்பு. அதற்கு மேலே என் மனைவியின் குரல் எழுந்தது. "பிரெஞ்சுக்காரன் காலத்துல நம்ம ஓட்ட எவனோ போட்டுட்டுப் போனான். இப்பவும் எவனோ போடட்டும்னு கதவுக்குப் பின்னாலயே நிப்பியா?"

கடைசியில் பேரை மாமியார் சொன்னாள், மருமகள் தலையாட்டினாள். பேசிய என் மனைவியும் அதுவரை என் பேரைச் சொன்னதில்லை. அவள் மனுவிலும் என் பேரை எழுதியது தையல்காரப் பெண்தான்.

வியாழக்கிழமை காலை என் மனைவி டிபன் பாக்ஸோடு ஒரு காகிதக் கட்டையும் நீட்டினாள்.

"இந்தாங்க, எல்லார் மனுவும் இதுல இருக்கு. நீங்க அங்கதான இருக்கீங்க, கையோட குடுத்துடுங்க."

கொடுக்க வேண்டிய மேசை என் மேசையிலிருந்து பத்தடி தூரம். அங்கே மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டோடு எழுந்து நடந்தால் மறுபடி மதாம் கதை வரும் என்று நினைத்தேன். மத்தியானம் கொடுக்கலாம் என்று தள்ளினேன். பிறகு, இவர்களுக்கு இந்த ஆட்டம் எதற்கு என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல்தான் உண்மை. கூச்சம் அதற்கு நான் போட்ட சட்டை.

சனிக்கிழமை சாயங்காலம் "குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"குடுத்தாச்சி."

இறுதிப் பட்டியலில் ஒரு மனுக்கூட ஏறவில்லை. அதை ஒட்டிய மறுநாள் பதினொரு மணிக்குச் சங்கமே ஆபீஸுக்குள் வந்தது. என் மனைவி முன்னால் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"யாருகிட்ட குடுத்தீங்க?" என்றார் மேலதிகாரி.

அவள் என்னைச் சுட்டிக் காட்டினாள். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆபீஸின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வழியும் தெரிந்துவிட்டது.

"கைய நீட்டினா புகார் எழுத முடியாதும்மா. பேர் வேணும். பேரச் சொல்லு" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

சொல்லமாட்டாள் என்று நானும் நம்பினேன். தலையைக் குனிந்து, அவள் கட்டிக் காத்த அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவள் சொன்னாள். என் அப்பா பேரோடு சேர்த்து, நிறுத்தி, கடைசி மேசை வரை கேட்கும்படி சொன்னாள். "எழுதிக்குங்க. நான் அவரு சம்சாரம். அவரு சட்டப்பையில சாவி இருக்கு, துவைக்கறப்ப பாத்தேன். அந்த டிராயரத் தொறக்கச் சொல்லுங்க."

பின்னாலிருந்த பெண்கள் காத்திருக்கவில்லை. ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து, தன் பேரையும் புருஷன் பேரையும் சொன்னாள். பக்கத்து வீட்டு மருமகளும் சொன்னாள். நான் டிராயரைத் திறந்தேன். கட்டு என் மனைவி கட்டிக் கொடுத்த நூல்கூட அவிழாமல் கிடந்தது.

கெடு முடிந்துவிட்டதால் அந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. தேர்தலன்று காலை முதல் ஆட்களாகப் போய் வரிசையில் நின்றார்கள். "பேர் இல்லம்மா, போ" என்றால், தங்கள் பேரை உரக்கச் சொல்லிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். சாயங்காலம் வரை அதையே செய்தார்கள். எனக்கு என்ன ஆனது? வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அடுத்த தேர்தலில் அத்தனை பேரும் பட்டியலில் இருந்தார்கள். போய்ச் சரிபார்த்து வரட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நாங்களே பாத்துட்டோம்" என்றாள். ஆபீஸில் சொன்ன நாளிலிருந்து வீட்டிலும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் காறித் துப்பினார்கள். அவள் நிறுத்தவில்லை.

சோறு போட்டாள், பேசினாள், எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தை மட்டும் அதன் பிறகு என் கையில் கொடுத்ததில்லை. தபாலில் போட வேண்டிய கடிதத்தைக்கூட வெயிலில் தானே நடந்து போய்ப் போட்டாள். கடைசியாக அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருந்துச் சீட்டுக்காகக் கையை நீட்டினேன். என்னைத் தாண்டி, நர்ஸைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தாள்.