'அப்' என்றால் மேலே அல்ல: குக்ஸ்ஹாஃபனுக்கு ஒரு பிடிவாதப் பயணம்

வடகடலைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையில் போவார்கள். நாங்கள் போனது ஒக்ரோபர் கடைசியில், கொட்டும் மழையில். கடலுக்காகவும் போகவில்லை. பிலார் என்ற ஸ்பானியப் பெண், ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு தோற்ற சோதனைக்கு இரண்டாம் முறை போனாள். அவளோடு நானும் போனேன். 'நீங்கள் போகத் தேவையில்லை' என்று எனக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அதனால்தான் கட்டாயம் போனேன்.

முதலில் எங்கள் இருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்தவள். இப்போது ஹனோவரில் பகலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை பெரியவர்களுக்கான வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிலார் என் மாணவி. சரகோசா நகரில் பதினொரு வருடம் லிஃப்ட் திருத்தியவள். இங்கே காற்றாலைகளில் வேலை செய்யப் பயிற்சி எடுக்கிறாள். அந்த வேலையில் ஜேர்மன்காரர், போலந்துக்காரர், டென்மார்க்குக்காரர் எல்லோரும் சேர்ந்து ஏறுவதால், மேலே பேசும் மொழி ஆங்கிலம்.

செப்டெம்பரில் நடந்த சோதனையில், கோபுரத்தின் மேடையில் நின்று, காயப்பட்ட ஆளுக்குப் பதிலாக ஒரு பொம்மையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே நின்ற பரிசோதகர், "ஹோல்ட் அப்!" என்று கத்தினார். நிறுத்து, பொறு என்று அர்த்தம். பிலாருக்குக் கேட்டதோ 'பிடி', 'மேலே' என்ற இரண்டு சொற்கள். பொம்மையை வேகமாக மேலே இழுத்தாள். அது இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. தோல்வி.

நான் பயிற்சி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து, சோதனைக்கு முன் அவளோடு கூடுதலாக வேலை செய்கிறேன், சோதனை நாளில் நானும் வரலாமா என்று கேட்டேன்.

"உங்கள் தாய்மொழி ஆங்கிலமா?" என்று கேட்டார்.

"இல்லை, தமிழ்."

"மன்னிக்க வேண்டும். இந்த விஷயத்துக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர்தான் பொருத்தம் என்று நினைக்கிறோம்."

"உங்கள் பரிசோதகருக்குத் தாய்மொழி ஆங்கிலம்தான். அவர் சொன்னதுதானே அவளுக்கு விளங்கவில்லை" என்றேன்.

 பயிற்சி வளாகத்துக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று மாலையே பிலாரிடம் கேட்டேன்: வெள்ளி மதியம் எந்த ரயில்?

பாதை சுலபமானது. ஹனோவரிலிருந்து பிறேமன் வழியாக பிறேமர்ஹாஃபன் வரை பிராந்திய ரயில் போகிறது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே மாறினால் குக்ஸ்ஹாஃபனுக்கு இன்னும் முக்கால் மணிக்குச் சற்றுக் கூட. ஜேர்மனி முழுவதும் செல்லும் மாதச் சீட்டு வைத்திருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. எங்கள் இருவரிடமும் அது இருந்தது. வேக ரயிலில் அது செல்லாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ரயில் நீன்பூர்க்கைத் தாண்டும்போது பாடத்தைத் தொடங்கினேன். ஸ்பானிய மொழியில் ஏறுவதற்கு 'சுபீர்', இறங்குவதற்கு 'பஹார்'. ஒவ்வொன்றும் ஒரு சொல், திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. தமிழிலும் அப்படித்தானே? ஏறு என்றால் போதும், மேலே என்று சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் திசையைத் தனியே கழற்றி வினைக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஒட்டிய பிறகு அதன் திசையை மறந்தும் விடுகிறது. 'ஈட் அப்' என்றால் மேலே பார்த்துச் சாப்பிடுவதில்லை, மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது. 'யூஸ் அப்' என்றால் பாவித்து முடிப்பது. 'ஷட் டவுன்' என்றால் இயந்திரத்தை நிறுத்துவது. 'ஸ்டாண்ட் டவுன்' என்றால் கீழே போய் நிற்பதில்லை, வேலையை விட்டு விலகி இருப்பது.

பிலார் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜேர்மனில் பேசினாள். நான் அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"சாப்பிடுறதுக்கும் மேலுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் 'சாப்பிட்டுவிட்டேன்' எண்டு சொல்லுவம். அதில இருக்கிற 'விடு' எதையும் கைவிடுறதைச் சொல்லேல்லை. காரியம் முடிஞ்சுது எண்டு சொல்லுது. உங்கட மொழியில அப்பிடி ஒண்டும் இல்லையா?"

அவள் யோசித்தாள். சாப்பிட்டாள் என்பதற்கு 'கோமியோ'. முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டாள் என்றால் 'சே லோ கோமியோ தோதோ'. அந்த 'சே' என்ன செய்கிறது என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லையாம். கையால் தன் தொடையில் ஓர் அடி அடித்தாள்.

"அப்ப இங்கிலீஷ்காரன்ர 'அப்', எங்கட 'சே', உங்கட 'விடு'. மூண்டும் ஒரே வேலை!"

எதிர் இருக்கையில் இருந்த முதியவர் பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். நாங்கள் கவலைப்படவில்லை.

ஆனால் சந்தோஷம் பிறேமன் வரைக்கும்தான். 'ஸ்லோ டவுன்' என்றாலும் 'ஸ்லோ அப்' என்றாலும் வேகத்தைக் குறைப்பதுதான், 'பேர்ன் டவுன்' ஆனாலும் 'பேர்ன் அப்' ஆனாலும் மிஞ்சுவது சாம்பல்தான் என்று சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த மொழிக்கே மேல் எது கீழ் எது எண்டு தெரியாது. எண்பது மீற்றர் உயரத்தில நான் தெரிஞ்சு வச்சிருக்க வேணுமாம்!"

"தெரியாத சொல் வந்தா, சூழ்நிலையைப் பார்த்து ஊகிக்கலாம்" என்றேன். ஆங்கில வகுப்பில் எல்லோரும் சொல்லுவதைத்தான் சொன்னேன்.

"ஏலாது" என்றாள் உடனே. "லிஃப்ட் குழிக்குள்ள ஊகிக்கிறவன் வீட்டுக்குப் போகமாட்டான். நான் ஊகிக்க மாட்டன்."

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனாலும் அவள் செய்வது சரியென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை சொற்களை ஒரே நாளில் படிக்க முடியாது, ஊகிக்காமல் எப்படித் தப்புவாள் என்றுதான் பயந்தேன்.

குக்ஸ்ஹாஃபன் நிலையத்தில் அன்ரன் அண்ணை காத்திருந்தார். முன்பு ஹனோவரில் தேவாலயத்தில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வந்துகொண்டிருந்தவர். இப்போது இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார். இரவு அவர் வீட்டில்தான் தங்கினோம். (தங்கும் செலவு பற்றி இந்தப் பதிவில் எதுவும் எழுதாததற்கு அவருடைய மனைவிதான் காரணம். மீன் குழம்புக்கு நான் வேறு எங்கும் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டதில்லை.) சனி காலை வளாகத்துக்குப் போக பஸ் இல்லாததால் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். வழியில் என்னிடம் கேட்டார்:

"தங்கச்சி, சோதினை அவவுக்குத்தானே? நீர் ஏன் இவ்வளவு தூரம் வந்தனீர்?"

"அவ பிழை விட்டா, தமிழிச்சி படிப்பிச்சது அவ்வளவுதான் எண்டு சொல்லுவினம் அண்ணை."

"உள்ளுக்கு விடமாட்டாங்கள்."

"விடாட்டி வேலிக்கு வெளியில நிக்கிறன்."

"மழை பெய்யுது."

"நனையிறன்."

அவர் சிரித்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. சொன்னபடியே வாசலில் தடுத்தார்கள். சொன்னபடியே நான் வேலிக்கு வெளியே நின்றேன். கம்பி வேலி என்பதால் கோபுரம் நன்றாகத் தெரிந்தது. அன்ரன் அண்ணை காரிலிருந்து ஒரு குடையைக் கொண்டுவந்தார். காற்று அதை உடனே மடக்கிவிட்டது. இருவரும் நனைந்தபடி நின்றோம்.

பிலார் ஏறினாள். சிவப்புத் தலைக்கவசம், முதுகில் கயிறு. மேடைக்குப் போய் பொம்மையைக் கட்டி இறக்கத் தொடங்கினாள். பாதியில் பரிசோதகர் கத்தினார்: "ஹோல்ட் அப்!"

கயிறு அப்படியே நின்றது. 

மறுபடி இறக்கினாள். காற்றில் பொம்மை சுழன்று கயிறு கோபுரத்தின் ஓர் இரும்புக் காலில் சிக்கி இறுகிக்கொண்டது. பரிசோதகர் கையை வாயருகே வைத்து, "ஈஸ் அப்! ஈஸ் அப்!" என்றார்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத சொல். கயிற்றைத் தளர்த்து என்று அர்த்தம், கொஞ்சம் கீழே விட வேண்டும். ஆனால் காதில் விழுவது 'அப்'. ஊகித்து மேலே இழுத்தால் கதை முடிந்தது.

பிலார் கயிற்றைப் பூட்டினாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "சே அகெய்ன்!" என்று மேலிருந்து கத்தினாள். திரும்பச் சொல்.

"ஈஸ் அப்!"

"நோ! பிளெய்ன் வேர்ட்ஸ்!" சாதாரணச் சொல்லில் சொல்.

அவர் இன்னும் சத்தமாக அதையே சொன்னார். அவள் அசையவில்லை. எனக்கு ஸ்பானிய மொழியில் தெரிந்த சொற்பச் சொற்களில் 'பஹா' ஒன்று. இறக்கு. அது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேலிக்கு வெளியிலிருந்து நான் கத்தியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அதோடு சோதனையும் ரத்தாகியிருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பிள்ளை ஏன் அப்பிடியே நிக்குது? பயந்திட்டுதோ?" என்று கேட்டார் அன்ரன் அண்ணை.

"இல்லை அண்ணை. விளங்காம செய்யமாட்டன் எண்டு நிக்கிறா."

பரிசோதகர் தலையை ஆட்டினார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், மேலே பார்த்தார். கடைசியில், ஒவ்வொரு சொல்லாக, "லோவர். ஸ்லோலி. லிற்றில்" என்றார். பிலார் பூட்டைத் திறந்து ஒரு சாண் அளவுக்குத் தளர்த்தினாள். கயிறு இரும்புக் காலிலிருந்து விடுபட்டது. பொம்மை அடிபடாமல் தரைக்கு வந்தது.

கொஞ்ச நேரத்தில் பரிசோதகர் அவளோடு வேலியருகே வந்தார். உயரமான மனிதர், கண்ணாடி முழுக்க மழைத்துளி.

"நீங்கள்தான் ஆசிரியையா? இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவில்லையா?"

"இல்லை."

"வேலையிடத்தில் இப்படி நூறு சொல் வரும்."

"வரும்" என்றேன். "தெரியாவிட்டால் ஊகி என்று நான் சொன்னேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்கள் பொம்மைக்கு இன்றும் மண்டை உடைந்திருக்கும்."

பிலார் இடையில் புகுந்து தன் ஆங்கிலத்தில் அவரிடமே கேட்டாள்: 'ஈஸ் அப்' என்றால் என்ன? தளர்த்துவது என்றார். தளர்த்தினால் கயிறு எந்தப் பக்கம் போகும்? கீழே என்றார். "கீழே போறதுக்கு நீங்கள் 'அப்' எண்டு சொல்லுறீங்கள்" என்று சொல்லிவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாஸ்" என்றார். "நின்றது சரி. விளங்காவிட்டால் நிற்கத்தான் வேண்டும்." பிறகு போகிற போக்கில், "அடுத்த குழுவுக்கு நான் 'ஸ்லாக்' என்று சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். தளர்வு என்று அர்த்தம், அதில் 'அப்' இல்லை. மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. நாங்களும் கேட்கவில்லை.

அன்ரன் அண்ணைக்கு மதியம் வேலை இருந்தது. எங்களைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போனார். மழை விட்டிருந்தது. எல்பே ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்தபடி மரத்தாலான ஒரு பழைய மேடை இருக்கிறது, ஊர்க்காரர் அதை 'பழைய காதல்' என்கிறார்கள். ஹம்பூர்க் போகும் கொள்கலன் கப்பல்கள் கைக்கெட்டும் தூரத்தில் போவதுபோல் இருக்கும். அங்கே நின்று ஊறுகாய் போட்ட ஹெரிங் மீன் வைத்த பாண் ரொட்டியைச் சாப்பிட்டோம். பிலார் கடைசித் துண்டையும் வாயில் போட்டுவிட்டு, "சே லோ கோமியோ" என்று தன்னைத்தானே சுட்டிக்காட்டினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பின்வாங்கிக் கிலோமீற்றர் கணக்கில் சேற்று நிலமாகிவிடும். வழிகாட்டி இல்லாமல் அதில் தூரம் நடக்காதீர்கள், தண்ணீர் திரும்பும்போது ஓடித் தப்ப முடியாது. அலை நேர அட்டவணையைக் கடற்கரைக்குப் போகும் முன் பாருங்கள். குடை கொண்டுபோகாதீர்கள், தலையை மூடும் மழைச்சட்டை கொண்டுபோங்கள். வார இறுதியில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவார்கள், புறப்படும் காலையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கோ சோதனைக்கோ போகிறவர்களுக்கு இன்னொன்று: உங்களுக்கு விளங்காத சொல்லை யாராவது சத்தமாகச் சொன்னால், சத்தம் கூடியதால் அர்த்தம் கூடுவதில்லை. திரும்பக் கேளுங்கள். மூன்றாம் தடவையும் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். உங்கள் உச்சரிப்பை வைத்து நீங்கள் யாரென்று முடிவு செய்கிறவர்களுக்காக அவசரப்பட்டு ஒரு கயிற்றையும் இழுக்காதீர்கள்.

பிறேமர்ஹாஃபனில் ரயில் மாறியதும் பிலார் சரகோசாவில் இருக்கும் தன் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தாள். மிக வேகமாகப் பேசினாள். எனக்கு ஸ்பானிய மொழி அவ்வளவாகத் தெரியாது. தங்கை என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். பிலார் பேச்சை நிறுத்தி, நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, நிதானமாக மூன்று வசனம் சொன்னாள். மூன்றும் எனக்கு விளங்கின.

"சுபீ. நோ மே மொவீ. பஹே."

ஏறினேன். அசையவில்லை. இறங்கினேன்.