வலி எத்தனை என்று கேட்டவள்

மூத்த பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியர். அடுத்த பேத்தி பல் டாக்டர் படிப்பில் கடைசி வருஷம். சின்னவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. மகள் வீட்டுப் பேரனைக் கபடி அணியில் எடுத்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி மூட்டுவலிப் பிரிவில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயா வந்து, "இன்னைக்கு ஊசி இல்ல. ஜெசிந்தா சிஸ்டர் காலையில தவறிட்டாங்க" என்றார். மாரடைப்பாம். முப்பத்தாறு வயது. இன்னும் நம்ப முடியவில்லை.

உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். முடக்குவாதத்துக்குச் செயற்கையாகச் செய்த ஹார்மோன் ஊசியைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தவர்கள் நாம். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிற அவளுக்கே தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தச் சம்மதப் படிவத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். "புரியலைன்னா கையெழுத்துப் போடாதீங்க அம்மாச்சி" என்றாள்.

ஒவ்வொரு முறையும், பத்துக்கு வலி எத்தனை என்று கேட்டு எழுதுவாள். நான் மூன்று என்பேன். இம்புட்டு அன்பாகப் பார்க்கிற பிள்ளையிடம் எட்டு என்று எப்படிச் சொல்வது? நாலாவது ஊசியன்று, தண்ணீர் பாட்டில் மூடியை நான் பல்லால் கடித்துத் திறந்ததைப் பார்த்துவிட்டாள்.

"மூணுன்னு சொல்ற கை மூடியத் திறக்காதாக்கும்?"

அவள் மனசு வருத்தப்படுமே என்றுதான் குறைத்துச் சொன்னேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"என் மனசுக்கா ஊசி போடுறோம்? நீங்க மூணும்பீங்க, மருந்து கேக்குதுன்னு நாங்க எழுதுவோம். நாளைக்கு உங்க பேத்திக்கே இந்த நோவு வந்தா இதைத்தான் போடுவாங்க."

மூன்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முன்னால் சொன்னவையும் பொய்தான் என்று ஒப்புக்கொண்டேன். பெரிய டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றாள். சோதனையிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "சொல்லுங்க, நான் கூட நிக்கிறேன்" என்றாள். நின்றாள்.

இந்த வாரம் புது சிஸ்டர் கேட்டபோது ஏழு என்றேன். மருந்தா உப்புத்தண்ணீரா, தெரியாது. ஆனால் அது உள்ளபடியே ஏழு. ஜெசிந்தா எனக்கு விட்டுப்போனது அதுதான்.

நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பது அடையாள அட்டைப் படம். யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கிறது, அவள் மாதிரியே இல்லை. உங்களில் யாரிடமாவது அவள் உள்ளபடி இருக்கிற படம் இருந்தால், தயவுசெய்து அதைப் புதிதாகப் போடுங்கள்.