கட்டாமல் விட்ட படகு

தெருவில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் அழைப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அதில் பதினொரு வருடம், ஒல்லி என்று எல்லோரும் கூப்பிட்ட கூட்டாளியோடு வேலை. ஒருவர் மேலே மோட்டார் அறையில் நின்றால் மற்றவர் கீழே லிஃப்ட் குழியில் இருப்பார்.

போன மழைக்காலத்தில் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் ஒல்லி கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார். யார் மேலும் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். லிஃப்ட்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சாவு வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். திரும்பி வந்து குளித்தார், சாப்பிட்டார். அழவில்லை. இன்றைக்கு உடைந்துவிடுவார், நாளைக்கு உடைந்துவிடுவார் என்று மனைவி காத்திருந்தாள். ஐந்து மாதம் போய்விட்டது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைக்கூட வானிலை அறிக்கை போலக் கேட்டுக்கொண்டார்.

கடற்கரையில் கயாக் என்ற ஒற்றையாள் படகுகளை வாடகைக்கு விடும் மச்சான்தான் அந்த யோசனையைச் சொன்னான். லிஃப்ட்காரரும் இளவயதில் நன்றாகத் துடுப்புப் போட்டவர்.

"அத்தான், மூணு நாள் தீவுப் பக்கம் போயிட்டு வாங்க. அக்காவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. கரையேறினதும் படகைக் கட்டிடுங்க. தண்ணி ஏறினா தூக்கிட்டுப் போயிடும்."

முதல் நாள் இரண்டு தீவுகளைக் கடந்தார். தோள் வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். மூன்றாவது தீவில் சாயங்காலம் கூடாரம் போட்டார். கயிற்றைக் கையில் எடுத்தார். கட்டுவதற்கு வாகான பாறை எதிரிலேயே இருந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் படகு தண்ணீரில் இருந்தது. நீந்திப் பிடிக்கிற தூரம்தான். அவர் மணலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார். தன் ஊருக்குப் போகாத பஸ்ஸைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் அதற்குள் இருந்தது, தண்ணீர் கேனும்தான். வெயில் ஏறுவதற்குள் படகு அடுத்த தீவுக்குப் பின்னால் மறைந்தது. அவருக்குப் பயமே வரவில்லை.

மூன்று மணிவாக்கில் நண்டு பிடிக்கும் பெண் ஒருத்தி மோட்டார் படகில் வந்தாள். பின்னால் கயாக்கை இழுத்து வந்திருந்தாள்.

"இது உங்களோடதா?"

"ஆமா."

"கட்ட மறந்துட்டீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மறக்கல."

அவள் மோட்டாரை அணைத்தாள். இறங்கி வந்து ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டிவிட்டு, தானே கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்குத்தான் திரும்பணும்," என்றார்.

"இன்னைக்கே திரும்புங்க. வீட்டுல யாரு இருக்கா?"

"மனைவி."

"அப்போ அவங்ககிட்ட சொல்லணும். என்கிட்ட சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க."

அவரைத் தன் படகில் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் வேறெதுவும் கேட்கவில்லை. படகுக்குள் தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றச் சொன்னாள். அவர் ஊற்றினார்.

சமையலறை வாசலில் நின்றபடியே மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"நீந்திப் போயிருக்கலாமில்ல?"

"போயிருக்கலாம். போகணும்னு தோணல."

அவள் அவர் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். பிறகு வாரா வாரம் போனார்கள். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. கம்பெனியில் அவரைக் குழியில் இறக்காமல் போன் எடுக்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் அவர்தான் பேசுவார்.

நாலாவது மாதம் ஒரு மதியம், மாட்டிக்கொண்ட ஒரு பெண் விடாமல் அழுதாள். ஆள் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவளிடம் பேசிக்கொண்டேயிருந்தார். அவள் வெளியே வந்த பிறகு போனை வைக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"கை நடுங்குது," என்றார். "நிக்க மாட்டேங்குது."

"நடுங்கட்டும்," என்றாள் அவள். "அங்கயே இருங்க, நான் வரேன்."