விரதம் முடிக்கக் குடித்த தேன்

போன வருடம் நடந்தது. நான் வெளிநாட்டில், டார்னெய்ட் என்ற ஊரில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். கணவர் யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்திருக்கிறார். முதியோர் இல்லச் சமையல் குசினியில் என்னோடு வேலை செய்யும் லூசியா, மெக்சிகோக்காரி. ஊருக்குப் போய் வந்தவள், தேனீப் படம் போட்ட போத்தல் ஒன்றைத் தந்து, "வீட்டு நினைவு வந்தால் கொஞ்சம் குடி" என்றாள். ஸ்பானிய எழுத்து எனக்கு விளங்கவில்லை. திறந்து மணந்து பார்த்தேன். தேனும் பெருஞ்சீரகமும் மணத்தன. ஏதோ நல்ல பாணி, தேன்பாகு என்று நினைத்தேன்.

விசா கிடைக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமைகளில் விரதமிருப்பேன். அன்று மாலை விளக்கேற்றிவிட்டு, வழக்கமான தேனுக்குப் பதிலாக அதை வெந்நீரில் தாராளமாகக் கலந்து குடித்தேன். இரவு வேலைக்குக் காரில் போக உடுத்துக்கொண்டு, போன் காட் போட்டு அவரை அழைத்தேன். இரண்டு வருடமாக "நல்லா இருக்கிறன்" என்று மட்டுமே சொன்னவள், அன்று அழுதுவிட்டேன்.

"தனிய இருக்க ஏலாதப்பா. இனியும் காத்திருக்க ஏலாது. கெதியா வாங்கோ."

அவர் உடனே கேட்டார்: "உம்மட கதை ஒரு மாதிரிக் கிடக்கு, நாக்குக் குழறுது. என்ன குடிச்சனீர்?"

போத்தலில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கடைசியில் முப்பது சதவீதம் என்றிருந்தது.

"அது சாராயமெல்லே. காரை எடுக்காதேயும்."

சாவி என் கையில்தான் இருந்தது. கீழே வைத்தேன்.

அது மாயா மக்களின் பழைய தேன்மதுவின் வழிவந்த ஷ்டபென்தூன் என்று மறுநாள் லூசியா சொன்னாள்.

இப்போது விளங்காத போத்தலைக் கேட்காமல் திறப்பதில்லை. விசா இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டு, "கெதியா வாங்கோ" என்று தெளிவாகவே சொல்கிறேன்.