வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால் ஒரு வேன்

துணி தைக்கும் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுபவருக்கு, வேனுக்குள் 'பிரேக்கக்கா' என்று பெயர். பெயரை வைத்தவள் பொத்தான் பிரிவுப் பெண். முன்சீட்டில் உட்கார்ந்து உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது, குறுக்கே போன நாய்க்காக வேன் நின்றது. சாயம் கன்னத்துக்கு ஓடிவிட்டது.

"நாய்க்கெல்லாம் நிறுத்தினா நாம எப்பக்கா போய்ச் சேர்றது?"

"அவசரப்பட்டா ஒரேயடியாப் போய்ச் சேர்ந்துடலாம். பரவாயில்லையா?"

வேன் முழுக்கச் சிரித்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அக்கா பல வருடங்கள் வெளிநாட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை என்றதும் திரும்பி வந்தார். வெல்டிங் பட்டறையில் குனிந்தே வேலை பார்த்த மனிதரால் இப்போது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. வீடு அக்காவின் சம்பளத்தில் ஓடுகிறது.

அங்கே வண்டி ஓட்டுபவர்கள் எல்லாரும் சொக்கத்தங்கம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேமரா இல்லாத இடத்தில் அவர்களும் பறப்பார்கள், போனைத் தொடையில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு மாடு குறுக்கே வந்தால் என்ன செய்வதென்று பாதிப் பேருக்குத் தெரியாது. இங்கே ஒரு சந்துக்குள் எதிரெதிரே வரும் இரண்டு லாரிகள் கண்ணாடி உரசாமல் விலகிப் போவதை அங்கே சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால், சாலையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும் இடத்தில் ஒரு வண்டி நின்றால், பின்னால் வருபவர் காரணம் கேட்பதில்லை. அவரும் நிற்பார். அங்கே ஹாரன் அடிப்பது முகத்துக்கு நேரே திட்டுவது மாதிரி. இங்கே அது மூச்சு விடுவது மாதிரி.

கம்பெனிக்குப் போகும் வழியில், அரசு மருத்துவமனைக்கு எதிரே அப்படி வெள்ளைக் கோடுகள் இருந்தன. யாராவது ஓரத்தில் நின்றால் அக்கா வேனை நிறுத்திவிடுவார். ஆரம்பத்தில் யாரும் சாலையில் இறங்கவில்லை. இந்த வேன் பழுதாகி நிற்கிறது போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். அதனால் அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து 'வாங்க' என்று கை காட்ட ஆரம்பித்தார். மெல்ல மெல்ல ஜனங்கள் அந்தக் கையை நம்பிக் கடந்தார்கள்.

ஒருநாள் ஒரு இஸ்திரிக்காரரும் அப்படித்தான் வந்தார். மருத்துவமனை ஊழியர்களின் துணியை மூட்டையாகத் தோளில் வைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கினார். வேனின் மூக்கைத் தாண்டியதும், வலப்பக்கமாக முந்திவந்த மோட்டார் சைக்கிள் அவரைத் தட்டியது. வலது முன்கை எலும்பு முறிந்தது. மோட்டார் சைக்கிள் நிற்கவே இல்லை.

அன்று மாலையே முதலாளி கூப்பிட்டார். "அம்மா, சிக்னல் இருந்தா நில்லு. போலீஸ் கை காட்டினா நில்லு. அந்தக் கோட்டுல இனிமே நின்னேன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடு. எனக்கு வம்பு வேண்டாம்."

இரண்டு நாள் அக்கா நிற்கவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து இஸ்திரிக் கடைக்குப் போனார். இஸ்திரிக்காரர் கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் இருந்தார். துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவில்லை.

"உன் மரியாதையெல்லாம் உன் வண்டிக்குள்ளேயே வெச்சுக்கக் கூடாதா தாயி?" என்றார் அந்த அம்மா.

"சும்மா இருடி. இடிச்சுட்டுப் போனவன் வேற ஆளு" என்றார் இஸ்திரிக்காரர். பிறகு அக்காவைப் பார்த்தார். "ஆனா ஒண்ணும்மா. நீ நிறுத்தலேன்னா நான் பாத்துப் பாத்துத்தான் வந்திருப்பேன். நீ கையக் காட்டினே. நான் பாக்கலை."

அக்கா கடையிலிருந்து கிளம்பினார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவரிடம் கணவர் சொன்னார்: "அங்க ஓட்டினதை மறந்துட்டு ஊரோட ஓட்டேன். ஊருக்கே நீ ஒருத்திதான் பிரேக் போடணுமா?"

"அங்க ஓட்டின மாதிரி நான் ஓட்டலைங்க. அதான் தப்பு."

அங்கே பயிற்சி கொடுத்தவர் முதல் வாரமே சொல்லியிருந்தார், நடப்பவருக்குக் கை காட்டாதே என்று. நிறுத்துவது உன் வேலை, வரலாமா என்று பார்ப்பது அவர் வேலை. அடுத்த தடத்துக்கு நீ உத்தரவாதம் கொடுக்க முடியாது. அக்கா அங்கத்திய நிறுத்தத்தையும் இங்கத்திய கையாட்டலையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தார். அங்கே ஒரு வண்டி நின்றால் மிச்ச வேலையைப் பின்னால் வருகிறவர்கள் செய்தார்கள். இங்கே அந்த மிச்சத்தையும் சேர்த்து, தான்தான் செய்தாக வேண்டும்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றார். "நாளைக்கு என் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை வாங்க. பாத்துட்டு சாவியை வாங்கிக்கறதுன்னா வாங்கிக்குங்க."

அடுத்த நாள் காலை முதலாளி முன்சீட்டில் ஏறினார். பொத்தான் பிரிவுப் பெண் பின்னால் போனாள், முனகிக்கொண்டே. மருத்துவமனை தெரிந்ததும் அக்கா வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நான்கு விளக்கையும் மின்ன விட்டார். வேனை நடுக்கோட்டை ஒட்டிக் கொண்டுவந்து, வெள்ளைக் கோடுகளுக்கு ஒரு வேன் நீளம் முன்னாலேயே நிறுத்தினார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டினார்.

ஓரத்தில் இஸ்திரிக்காரர் நின்றிருந்தார், கழுத்தில் தொங்கவிட்ட கையோடு. வேனைப் பார்த்தார். நகரவில்லை.

பின்னால் ஹாரன்கள் கிளம்பின. ஒருவர் அக்காவின் குடும்பத்தை விசாரித்தார்.

"அந்த ஆளை வரச்சொல்லிக் கையக் காட்டும்மா" என்றார் முதலாளி.

"காட்ட மாட்டேன் சார்."

"அப்ப கிளம்பு."

"அவரு பாக்கட்டும்."

வேனுக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடம் வழியாக இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டடி வந்து நின்றார். வேனின் வலப்பக்கம் முழுவதும் அவருக்குத் தெரிந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் நீட்டிய கையருகே வந்து, திட்டிக்கொண்டே காலை ஊன்றியது. எதிரே வந்த ஆட்டோவும் வேகம் குறைந்தது. இஸ்திரிக்காரர் இன்னொரு தரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தார். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. மறுகரையில் ஏறினார்.

அக்கா கையை உள்ளே இழுத்து வேனை நகர்த்தினார். முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"தினமும் இப்படித்தான் நிக்கப் போறியா?"

"ஆமா சார்."

"அந்த பைக்குக்காரன் நிக்கலேன்னா?"

"கை காட்டாததால இவரு பாத்துட்டுத்தான் வருவாரு. பைக்குக்காரனுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. இவருக்கு என் வண்டி மறைக்காம பாத்துக்க முடியும்."

கம்பெனி வாசலில் வேன் நின்றபோது, நேரம் தாண்டிவிட்டதால் கேட்டை மூட ஆரம்பித்திருந்தார்கள். முதலாளியைப் பார்த்ததும் காவலாளி மறுபடி திறந்தார். முதலாளி இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார். சாவியைக் கேட்கவில்லை.

"நாளையிலிருந்து எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே கிளம்பட்டும். ஆனா அதை நீயே சொல்லிடு. இவங்க வாயில நான் விழ முடியாது."

அக்கா என்ஜினை அணைத்துவிட்டு, சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வேனுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார்.