தடுப்பு வரிசையில் எட்டாவது ஆள்

நாற்பத்து நாலு வயதில் நான் பொக்ஸ் லக்ரோஸ் விளையாடத் தொடங்கியதற்கு, லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் கூரையில் எரியாமல் போன விளக்குத்தான் காரணம். நான் எலெக்ட்ரீஷியன். ஒரு ஞாயிறு காலை ஏணியின் உச்சியில் நின்று அந்த விளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே கொஞ்சப் பேர், நுனியில் வலை கட்டிய தடிகளை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சண்டை என்றுதான் நினைத்தேன். விசில் ஊதியதும் எல்லோரும் சிரித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்கள். அப்போதுதான் அது விளையாட்டு என்று புரிந்தது.

விசில் ஊதியவர் பயிற்சியாளர். கனடாவிலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பெண். அவர் அண்ணாந்து பார்த்து, தங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது, வந்து நிற்க விருப்பமா என்று கேட்டார். ஐயோ, வேண்டாம் என்று சிரித்தேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் முதல் தடவை சொல்லும் வேண்டாம் என்பது பதில் இல்லை, மரியாதை. தேத்தண்ணி குடிக்கக் கேட்டாலும் இரண்டு தடவை வேண்டாம் என்றுவிட்டு மூன்றாம் தடவைதான் கோப்பையை வாங்குவோம். பயிற்சியாளர் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். நான் ஏணியால் இறங்கி, அவருக்குப் பின்னால் ஓடி, விருப்பம்தான் என்று மூச்சு வாங்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

என்னைத் தடுப்பாட்டத்தில் போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், கோல் காக்க ஒருவர், சுற்றிவரப் பலகை அடைத்த களம். எதிரணியிடம் பந்து இருக்கும்வரை நாங்கள் உள்ளே நின்று, தடியைக் குறுக்கே பிடித்து வருகிறவர்களை மறிப்போம். பந்து எங்கள் கைக்கு வந்தால் சந்தோசப்பட நேரமில்லை. பெஞ்சுப் பக்கக் கதவால் நாங்கள் வெளியே ஓட, கோல் அடிக்கிறவர்கள் மற்றக் கதவால் உள்ளே வருவார்கள். மூன்று வருடத்தில் நான் ஒரு கோல்கூட அடித்ததில்லை.

"அப்ப சமைக்கிறது நீங்கள், சாப்பிடுறது அவையோ?" என்று என் மனைவி கேட்டாள்.

கேட்டால் கேட்கட்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கிழமை முழுக்க நான் ஆட்களின் வீட்டுத் தரைப் பலகைக்குக் கீழே தனியாகப் படுத்து வயர் இழுக்கிறவன். பேச்சுத்துணைக்கு எலிகூட வராது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு பேர் என்னைப் பார்த்துக் கத்துவார்கள், நானும் திருப்பிக் கத்துவேன். எனக்குப் பின்னால் கோல் இருக்கும். நான் நிற்கிறபடியால் ஒருவன் அதுக்குள் போக முடியாமல் இருப்பான். நான் நிற்பது ஒருவருக்குத் தேவை என்று அங்கேதான் எனக்குத் தோன்றியது.

அங்கே எனக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தார். மதுரைக்காரர், வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை, என்னைவிட ஆறு வயது இளையவர். களத்தில் அவர் இடது பக்கம், நான் வலது. இரண்டு பேரும் ஒரே அளவு மெதுவாக ஓடுவோம். பயிற்சி முடிந்ததும் என் வான் வண்டியில் இல்ஃபோர்டுக்குப் போய், ஒரு கடையில் தேநீரும் ஒரு தட்டு வடையும் எடுப்போம். தட்டில் ஐந்து வடை வரும். ஆளுக்கு இரண்டு சாப்பிடுவோம். ஐந்தாவதை நான் அவர் பக்கம் தள்ளுவேன், அவர் என் பக்கம் தள்ளுவார். மூன்று வருடமாக அந்த ஐந்தாவது வடையைக் கடைக்காரப் பெண்தான் எடுத்துக் குப்பையில் போட்டு வந்தாள்.

சென்ற செப்டெம்பரில், சீசன் தொடங்குவதற்கு முன்னர், தடுப்பு வரிசை கலைந்தது. எட்டுப் பேரில் ஒருவர் மான்செஸ்டருக்கு வேலை மாறிப் போனார். ஒருவருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒருவருடைய முழங்காலைப் பார்த்த டாக்டர், இனிச் செஸ் விளையாடச் சொன்னாராம். புதிதாக நாலு பேர் வந்தார்கள். இரண்டு மாணவர்கள், ஒரு தீயணைப்புக்காரர், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு பழைய ரக்பி ஆட்டக்காரர். பழையவர்களில் மூன்று பேர் நிச்சயம். மிஞ்சியது எட்டாவது இடம் ஒன்று. அதுக்கு நாங்கள் இரண்டு பேர்.

பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். உங்களில் ஒருவரைத்தான் வைத்திருக்கலாம், எனக்குத் தெரிவு செய்ய மனமில்லை, நீங்களே பேசி ஒரு கிழமைக்குள் சொல்லுங்கள்.

இல்ஃபோர்ட் கடையில் பேசினோம்.

"தம்பி, நீங்கள் இருங்கோ. எனக்கு வயசும் போட்டுது."

"என்னண்ணே பேசுறீங்க. நீங்கதான் சீனியர். நீங்க இருங்க."

"இல்லைத் தம்பி, உங்கட இடது பக்கத்துக்கு வேற ஆள் இல்லை."

"வலது பக்கத்துக்கு மட்டும் ஆள் இருக்காண்ணே?"

இப்படியே இரண்டு தேநீர் முடிந்தது. வடை வழக்கம்போல் மிஞ்சியது. எனக்கு அந்த இடம் வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கும் வேண்டும் என்று தெரியும், அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நான் ஒரு வேலை பார்த்தேன். பயிற்சியாளருக்கு, நான் ஒதுங்குகிறேன், மதுரைக்காரருக்கே கொடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். என் கணக்கு இதுதான். பயிற்சியாளர் அதை மதுரைக்காரரிடம் காட்டுவார். இவர் மனம் உருகி, அண்ணன் இல்லாமல் முடியாது என்பார். பயிற்சியாளர் என்னைக் கெஞ்சுவார். நான் மூன்றாம் தடவை, சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று வாங்கிக்கொள்வேன். பயிற்சியாளரிடமிருந்து நன்றி என்ற சொல்லும் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றும் வந்தது. அன்று மாலை அதே கணக்கைப் போட்டு மதுரைக்காரரும் அதே செய்தியை அனுப்பியிருந்தார். அவருக்கும் ஒரு கட்டைவிரல்.

வெள்ளிக்கிழமை வாட்ஸப் குழுவில் பட்டியல் வந்தது. எட்டுத் தடுப்பாட்டக்காரர்களின் பெயர் இருந்தது. எங்கள் இருவர் பெயரும் இல்லை. எட்டாவது இடம், கோல் அடிக்கும் வரிசையில் பந்தைத் தவறவிடுவதில் பேர்போன ஒருவருக்குப் போயிருந்தது. அடியில், பெருந்தன்மையோடு விலகிய இருவருக்கும் கைதட்டல் என்று எழுதியிருந்தது. எல்லோரும் கைதட்டியிருந்தார்கள்.

போன் அடித்தது. மதுரைக்காரர்.

"அண்ணே, நீங்களுமா?"

"ஓம் தம்பி."

மனைவி சோபாவில் விழுந்து சிரித்தாள். "வேணுமெண்டால் வேணுமெண்டு சொல்ல உங்களுக்கு ஏலாது. என்னைப் பார்க்க வந்த அண்டைக்கும், பிடிச்சிருக்கோ எண்டு கேட்க, அவைக்கு விருப்பமெண்டால் எனக்கும் ஓகே எண்டவர்தானே நீங்கள். என்ர அப்பா யாழ்ப்பாணத்து ஆளாய் இருந்தபடியால் தப்பினீங்கள். உங்கட கோச் கனடாக்காரி எல்லே."

நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். நாற்பத்தேழு வயதில் விளையாட்டில் சேர்க்கவில்லை என்று ஒருவன் அழுதான் என்பதை வெளியே சொல்ல முடியாதுதான். இப்போது எழுதிவிட்டேன்.

பெஞ்சுக் கதவுகளைத் திறந்து மூட ஆள் வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டபோது இரண்டு பேரும் உடனே சரி என்றோம். அவ்வளவு புத்தி வந்திருந்தது. சீசனுக்கு முந்திய கடைசிப் பயிற்சியில் உள்வரும் கதவில் மதுரைக்காரரும் வெளியேறும் கதவில் நானும் நின்றோம். ரக்பிக்காரர் ஒவ்வொரு முறை வெளியே ஓடிவரும்போதும் கதவோடு என்னையும் சேர்த்துத் தள்ளினார்.

இடைவேளையில் பயிற்சியாளர் எங்களிடம் வந்தார். மாணவர்களில் ஒருவருக்கு லீட்ஸில் வேலைப் பயிற்சி கிடைத்திருக்கிறதாம், போகிறாராம். ஒரு இடம் காலி. உங்களில் யாருக்கு வேண்டும்?

"அண்ணே, நீங்..." என்று மதுரைக்காரர் வாயெடுத்தார்.

"எனக்கு வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

எனக்கென்று ஒன்றை, இன்னொரு தடவை கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. பயிற்சியாளர் நல்லது என்று தாளில் எழுதிக்கொண்டு போனார். முழுக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. நான் மதுரைக்காரரைப் பார்க்கவில்லை, கையுறையைத் தேடுவதுபோல் பையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"மூணு வருஷத்துல நீங்க இவ்வளவு வேகமா எதையும் பண்ணி நான் பாத்ததில்லண்ணே" என்றார் அவர்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். எனக்குப் பின்னாலிருந்த கோலுக்குள் போன பந்துகளில் இரண்டு என்னைத் தாண்டிப் போனவை. ஒவ்வொரு முறை நான் வெளியே ஓடிவரும்போதும் வெளியேறும் கதவை மதுரைக்காரர் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாக வருவேன் என்று தெரிந்து, மற்றவர்களுக்கு மூடியதுபோல் உடனே மூடாமல் வைத்திருந்தார்.

பிறகு இல்ஃபோர்ட் கடைக்குப் போனோம். ஐந்து வடை வந்தது. இரண்டு இரண்டாகச் சாப்பிட்டு முடித்தோம்.

"அந்த இடம் எனக்கும் வேணும்னுதாண்ணே இருந்துச்சு" என்றார், தேநீரைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப."

"தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் எடுத்தனான்" என்றேன். அதைச் சொல்வது, கேட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். "எடுங்கோ."

அவர் தட்டை என் பக்கம் திருப்பித் தள்ளவில்லை. ஐந்தாவது வடையை எடுத்து, பாதி எனக்குத் தராமல், சட்னியில் தோய்த்து முழுவதையும் சாப்பிட்டார்.