கழற்றிய டிஸ்க் உடுப்பிட்டிக்குப் போன காலை

“அக்கா, இந்த நம்பர் முந்தியே ஆருக்கோ குடுத்ததெல்லே?”

றிசெப்ஷனில் இருந்த துளசி இதைக் கேட்டபோது காலை எட்டு நாற்பது. அன்றைய முதல் நோயாளி கவுண்டருக்கு முன்னால் நின்றார். துளசி அவருடைய பெயரை அடித்துப் பதிந்ததும் கொம்பியூட்டர் ஒரு புது இலக்கம் கொடுக்கும். கொடுத்தது. ஆனால் அந்த இலக்கம் துளசிக்குப் பழக்கமான இலக்கமாக இருந்தது.

“இது தை மாசத்து நம்பர் அக்கா. நாங்கள் இப்ப அதைத் தாண்டி எங்கேயோ போட்டம்” என்றாள்.

நான் அப்போது பக்கத்து அறையில் சேர்வருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் மாற்றும் வேலை பன்னிரண்டு வீதம் முடிந்தது என்று மொனிற்றர் காட்டியது. அதுவரை எல்லாம் சுகமாகப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய கொம்பியூட்டர் நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கிளினிக்குகள், கடைகள், பாடசாலைகள் என்று எங்களுக்குப் பல வாடிக்கையாளர்கள். நல்லூரில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் இந்த ஸ்கான் சென்ரரும் அதில் ஒன்று. நோயாளிகளின் பதிவு, றிப்போட், ஸ்கான் படங்கள் எல்லாம் ஒரே சேர்வரில்தான். அதற்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது வேலையைக் கொண்டுபோகும். இதை மிரர் என்போம்.

இரண்டும் ஒவ்வொரு டெராபைற். நிரம்பிவிட்டன. பிரதி எடுக்க வைத்திருந்த வெளி டிஸ்க்கும் போன வருடமே நிரம்பி நின்றுவிட்டது. ஆகவே நாலு டெராபைற் டிஸ்க் இரண்டு வாங்கினோம். மாற்றும் முறை லேசானது. சேர்வரை நிறுத்தி ஒரு பழைய டிஸ்க்கைக் கழற்றி, அந்த இடத்தில் பெரியதைப் போட வேண்டும். திரும்பப் போட்டதும், மிஞ்சி நிற்கும் பழைய டிஸ்க் தன்னிடம் இருப்பதையெல்லாம் புதியதற்கு எழுதும். இது றீபில்ட். முடிந்ததும் மற்றப் பழையதையும் அதே மாதிரி மாற்றிவிட்டு, கடைசியில் இடத்தைப் பெருப்பித்து விடலாம். இதை நான் எத்தனையோ இடத்தில் செய்திருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு மணி தொடக்கம் ஐந்து மணி வரை மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். சென்ரரில் ஜெனரேற்றர் உண்டு, ஆனால் அதற்கு மாறும்போது மின்சாரம் ஒரு உதறு உதறும். முதல் றீபில்டை ஒரு மணிக்கு முன்னம் முடித்துவிட வேண்டும் என்ற அந்தரத்தில் ஏழரைக்கே வந்துவிட்டேன். இரண்டு டிஸ்க்கிலும் பச்சை லைற் எரிந்தது. மிரரின் நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் திறக்கவில்லை. லைற்றைப் பார்த்தேன், நிறுத்தினேன், மேலே இருந்ததைக் கழற்றினேன். புதியதைப் போட்டு இயக்கினால் சேர்வர் ஒரு குறையும் சொல்லாமல் எழும்பியது. றீபில்டும் தொடங்கியது.

எட்டு இருபதுக்கு ஜெயம் அண்ணை வந்தார். எங்கள் நிறுவனத்தில் கண்காணிப்புக் கமரா வேலைகள் அவருடைய பொறுப்பு. உடுப்பிட்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கமரா றெக்கோடரின் டிஸ்க் பழுதாகி, கடைக்காரர் இரண்டு நாளாகப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். கழற்றும் டிஸ்க்கைத் தருகிறேன் என்று நான்தான் முதல் நாள் சொல்லியிருந்தேன்.

“கழட்டியாச்சோ வதனி?”

“ஓம் அண்ணை. இந்தாங்கோ.”

அதை அவர் ஒரு துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

துளசி கேட்ட பிறகு நான் எழும்பிப் போய் அவளுடைய கொம்பியூட்டரில் நோயாளிப் பட்டியலைப் பார்த்தேன். கடைசிப் பெயர் தை மாதத்தில் நின்றது. நாங்கள் இருந்தது புரட்டாதியில். எட்டு மாதத்து மனிதர் ஒருவரும் அங்கே இல்லை.

உடனே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏற்க மனம் வரவில்லை. புரோகிராமை மூடித் திறந்தேன். சேர்வரை நிறுத்தி மறுபடி போட்டேன். “ஒரு சின்னப் பிரச்சினை, இப்ப சரியாயிடும்” என்று துளசிக்குச் சொன்னேன். வரிசையில் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். இப்படியே பதினைந்து நிமிடம் போனது.

பிறகுதான், காலையில் திறக்காமல் விட்ட அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இப்போது ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் தை மாதத்தில் ஒரு மின்தடையின்போது மிரரை விட்டு விலகியிருந்தது. அன்றிலிருந்து அதில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. டிஸ்க்குக்கு மின்சாரம் கிடைத்துக்கொண்டிருந்ததால் லைற் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. விலகியதும் சேர்வர் ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. எங்களிடம் வேலை பார்த்து, கனடாவுக்குப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு. அந்த முகவரியை மாற்ற வேண்டியவளும் நான்தான்.

எட்டு மாதமாகச் சென்ரர் முழுவதையும் தனியே சுமந்தது மேலே இருந்த டிஸ்க். அதைத்தான் துவாயில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தேன். கமரா றெக்கோடருக்குள் ஒரு டிஸ்க்கைப் போட்டால் அது முதலில் செய்வது அந்த டிஸ்க்கை ஃபோர்மற் பண்ணி, இருப்பதையெல்லாம் அழிப்பது.

ஜெயம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். மோட்டார் சைக்கிளில் போகும்போது அவர் போனைத் தொட மாட்டார். நல்ல பழக்கம். அன்றைக்கு நான் அதைச் சபித்தேன்.

சென்ரரின் பொறுப்பாளர் றெஜினா அக்கா. முந்தி ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர், குரல் உயர்த்திக் கதைக்காதவர். அவருடைய அறைக்குப் போகும் வழியில் மூன்று விதமான பொய் எனக்குள் தயாரானது. வைரஸ் என்று சொல்லலாம். டிஸ்க் கொம்பனியின் பிழை என்று சொல்லலாம். பின்னேரம் வரை ஒன்றும் சொல்லாமலும் விடலாம். கதவைத் திறந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இரும்” என்றார்.

நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“இப்ப அந்த டிஸ்க் எங்கை?”

“உடுப்பிட்டிக்குப் போகுது அக்கா.”

“அதுக்குள்ளை எங்கடை ஆக்களின்ரை படமெல்லே கிடக்கு? அதைக் கமராக்காரரிட்டை எப்படிக் குடுத்தனீர்?”

அழிந்துவிடும்தானே என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லுவதற்கு அதில் ஒரு நியாயமும் இல்லை.

“என்ரை பிழை அக்கா” என்றேன்.

“அதைப் பிறகு கதைப்பம். கடைக்குப் போன் எடும்” என்று தன் மேசைப் போனை என் பக்கம் தள்ளினார். வெளியே போய், “துளசி, கொப்பி எடும். இண்டைக்கு எல்லாம் கையாலை எழுதும். பழைய படம் கேக்கிற ஆக்களைப் பின்னேரம் வரச் சொல்லும்” என்று சொல்லுவது எனக்குக் கேட்டது.

கடையின் இலக்கம் என்னிடம் இல்லை. எங்கள் நிறுவனத்தின் கந்தோருக்கு எடுத்து, அங்கிருந்தவர் ஜெயம் அண்ணையின் கொப்பியைத் தேடி எடுத்து, இலக்கத்தை வாசித்து முடிக்க ஒன்பது இருபத்தைந்து ஆகிவிட்டது. அந்தப் போனிலேயே உடனே கடைக்கு எடுத்தேன். முதலாளியே எடுத்தார்.

“ஜெயம் அண்ணை வந்திட்டாரோ?”

“ஓம் ஓம், வந்திட்டார். டிஸ்க்கைப் பூட்டிப்போட்டு ஏணியிலை நிக்கிறார், ஒரு கமரா திரும்பிப்போய்க் கிடந்தது. நீங்கள் ஆர் பிள்ளை?”

“றெக்கோடர் போட்டிருக்கோ? ரீவியிலை என்ன தெரியுது?”

“இஞ்சை ஏதோ கேக்குது. யெஸ் எண்டும் நோ எண்டும் கிடக்கு. ஜெயம் தம்பி இறங்க முந்தி நான் யெஸ்ஸை அமத்திவிடுவம் எண்டு...”

“ஐயோ, உதை அமத்தாதேங்கோ! மவுஸிலை இருந்து கையை எடுங்கோ!”

“எடுத்திட்டன், எடுத்திட்டன். ஏன், ஷொக் அடிக்குமோ?”

“இல்லை ஐயா. சுவரிலை பிளக் இருக்குமெல்லே, அதை அப்படியே புடுங்குங்கோ.”

போனில் ஏதோ தட்டுப்பட்டு விழுந்த சத்தம் கேட்டது. “புடுங்கியாச்சு. எல்லாம் இருண்டுபோச்சு. காணுமோ?” என்றார்.

“காணும், அது போதும்” என்றேன். அந்த மனிதருக்கு நான் யாரென்றே அதுவரை சொல்லவில்லை.

பிறகு ஜெயம் அண்ணை போனுக்கு வந்தார். விசயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “கழட்டிக்கொண்டு வாறன்” என்றார். அவர் வந்து சேரும் வரை நான் ஒழுங்கை முகப்பில் நின்றேன். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அவருடையது போலத் தெரிந்தது. ஒருவர் தேங்காய் மூட்டையோடு போனார், இன்னொருவர் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேரோடு போனார். பத்தரைக்கு அவர் வந்தார். டிஸ்க் அதே துவாயில், இளஞ்சூட்டோடு இருந்தது.

அதை அப்படியே சேர்வரில் போடச் சொல்லி மனம் பறந்தது. போடவில்லை. அந்த நேரத்தில் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. எட்டு மாதம் தனியே உழைத்து, போக வர மோட்டார் சைக்கிளில் குலுங்கின டிஸ்க். அதை எழுத முடியாதபடி லப்ரொப்பில் இணைத்து, இன்னும் பூட்டாத மற்றப் புதிய டிஸ்க்குக்கு ஓர் எழுத்தும் விடாமல் அப்படியே பிரதி எடுக்கத் தொடங்கினேன். எல்லாவற்றையும் யூபிஎஸ்ஸில் கொழுவினேன்.

நாற்பத்தொரு வீதத்தில் பிரதி நின்றது. டிஸ்க்குக்குள் கிறுக் கிறுக் என்று ஒரு சத்தம். நான் எழும்பி நின்றேன். மறுபடி இருந்தேன். நாலு நிமிடம் கழித்து அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே ஓடியது. ஒரு மணிக்கு மின்சாரம் போனது, ஜெனரேற்றர் உதறியது, யூபிஎஸ் கத்தியது, பிரதி ஓடிக்கொண்டே இருந்தது. றெஜினா அக்கா ஒரு கோப்பை தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அது ஆறிப் பாலாடை கட்டியதை மூன்று மணிக்குத்தான் கண்டேன்.

மூன்றேகாலுக்குப் பிரதியைச் சேர்வரில் போட்டு இயக்கினோம். துளசி பட்டியலைத் திறந்தாள். கடைசிப் பெயர், முந்தின நாள் பின்னேரம் வந்த ஆள். துளசி கொப்பியைத் திறந்து, காலையிலிருந்து எழுதியதை அடிக்கத் தொடங்கினாள்.

ஆனால் டிஸ்க்கில் வாசிக்க முடியாமல் போன இடத்தில் ஒருவரின் படங்கள் இருந்தன. அரியாலையில் ஒரு ரீச்சர். ஆனி மாதத்தில் எடுத்த, கழுத்துக் கட்டியின் ஸ்கான். றிப்போட் இருந்தது, படங்கள் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து, முந்தினதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று றிப்போட்டின் கடைசியில் டொக்டர் எழுதியிருந்தார்.

“நானே அவவுக்குச் சொல்லட்டோ?” என்று றெஜினா அக்காவைக் கேட்டேன். அவர் போனைத் தந்தார்.

ரீச்சர் அடுத்த நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். என்னை நேரே கேட்டார். “கட்டி வளந்ததோ இல்லையோ எண்டு இனி எதோடை வைச்சுப் பாக்கிறது பிள்ளை?”

றிப்போட்டில் அளவுகள் இருக்கின்றன, அதை வைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னார் என்றேன். அன்றைக்கே ஒரு ஸ்கான் எடுத்துக் கொடுத்தோம். ஆனால் அவர் என்னை விடவில்லை. எப்படி நடந்தது என்று முழுவதும் கேட்டார். சேர்வர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு டிஸ்க்கையும் காட்டிச் சொன்னேன். “இரண்டு இருக்கெண்டு நம்பி ஒண்டையும் பாக்கேல்லை” என்றார். பரீட்சைத் தாளில் சிவப்பு மை போட்டது போல இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்லுகிறேன். டிஸ்க்கைக் கழற்ற முந்தி இரண்டும் மிரரில் நிற்கின்றனவா என்று நிலைப் பக்கத்தில் பாருங்கள், லைற்றை நம்பாதீர்கள். மிரர் இருக்கிறதென்று பிரதி எடுக்காமல் இருக்காதீர்கள். கழற்றிய டிஸ்க்கில் திகதியை எழுதி ஒட்டி, குறைந்தது ஒரு கிழமையாவது பூட்டி வையுங்கள். கேட்கிறவர் எவ்வளவு அவசரத்தில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிறகும் அழித்துவிட்டுத்தான் கொடுக்கலாம். இதெல்லாம் படித்தால் வரும். படித்தாலும் வராத ஒன்று இருக்கிறது. பிழை விட்டது தெரிந்த அந்த நேரமே போய்ச் சொல்ல வேண்டும். நான் சேர்வரை மூடித் திறந்து கழித்த பதினைந்து நிமிடத்தை இப்போதும் கணக்குப் பார்க்கிறேன். அந்தக் கடைக்காரரின் விரல் மவுஸில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, மார்கழியில், ரீச்சர் மறுபடி ஸ்கானுக்கு வந்தார். நான் வேறு வேலையாக அங்கே நின்றேன். கட்டி வளரவில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். போகும் வழியில் சேர்வர் அறைக் கதவடியில் நின்றார்.

“என்ன பிள்ளை, உங்கடை டிஸ்க் இரண்டும் சுகமோ?”

“ஓம் ரீச்சர். இரண்டும் நல்லா ஓடுது. நேற்றும் பாத்தனான்.”

“இண்டைக்கு?” என்று கேட்டார்.

நான் போய் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.